பழுக்காத நிறம்

போன வருஷம் சிவப்பு.
இந்த வருஷம் கருநீலம்,
முழங்காலில் மட்டும் மஞ்சளாய் ஒரு கோடு.
அச்சு அதேதான்.
பாகாவ் பசார் மாலாமில்
கைப்பேசி உறைகளுக்கும் காலுறைகளுக்கும் நடுவே
கியோங் தொங்கவிட்டிருந்தான்.
"புதுசு லா" என்றான்.
புதுசில்லை என்று எனக்கும் தெரியும்,
அவனுக்கும் தெரியும்.
பதினெட்டு வெள்ளி.
பதினாறுக்குக் கொடுத்தான், பையில்லாமல்.

உள்ளங்கையில் உட்காரும் அளவு.
மனிதன் காராக எட்டுத் திருப்பு,
கார் மனிதனாக ஒன்பது.
அந்த ஒன்று ஏன் கூடுதல் என்று
சிவப்பு வந்த நாளிலேயே எண்ணிப் பார்த்தேன்.
காராகும்போது முகம் தானாகவே
பின்பக்கம் திரும்பிக்கொள்கிறது.
முன்பக்கம் திருப்ப
ஒரு விரல் வேண்டியிருக்கிறது.

பகலில் நான் ஆலை ரேம்ப்பில் நிற்பவள்.
லோரி கொட்டும் செம்பனைக் குலைகளைக்
கொக்கியால் புரட்டி
நிறம் பார்த்துச் சொல்பவள்.
கருஊதா என்றால் காய்.
ஆரஞ்சுச் சிவப்பும்
பத்துப் பழமாவது உதிர்ந்த பள்ளமும் இருந்தால்
பழம்.
காய் கூடினால் லோரிக்குக் காசு குறையும்.
"கண்ணைக் கழுவிட்டு வா" என்பார் டிரைவர் வேலாயி மகன்.
கழுவிய கண்தான், அண்ணே.
பதினோரு வருஷமாய்
நிறத்தை நம்பிச் சோறு தின்கிற கண்.

அதனால் அன்றிரவு
மேசை விளக்கடியில் இதையும் கொட்டிப் புரட்டினேன்.

இடது கண்ணில் சாயம் வழிந்திருக்கிறது,
தூக்கம் கெட்டவன் மாதிரி.
மஞ்சள் கோடு
ஒரு முழங்காலில் நேர், மற்றதில் மயிரிழை மேலே.
சிவப்பின் நெஞ்சுக் கண்ணாடியில் வெளிச்சம் புகும்,
உள்ளே மடிந்த கை நிழலாய்த் தெரியும்.
இதில் அடைத்த பிளாஸ்டிக்.
எந்தப் பக்கம் பிடித்தாலும் ராத்திரி.
தோளோரம் நகக்கீறல் போல் ஒரு பிசிறு:
அச்சுக்கு வயதாகிவிட்டது.
விளக்கொளியில் அந்தக் கருநீலம்
எனக்கு நன்றாகப் பழக்கமான கருஊதா.
நோட்டில் எழுதினேன்:
காய்.

சற்குணன் எட்டிப் பார்த்தான்.
"ரெண்டும் ஒண்ணுதானே,
சாயம் மட்டும்தானே வேற?
கம்பெனி கைமாறினப்போ
நம்ம வீட்டுப் பச்சையை அழிச்சுச் சாம்பல் அடிச்சானுங்க.
குழாய் ஒழுகுறது நின்னுச்சா?"

பதில் இல்லை.
குழாய் இன்னும் ஒழுகுகிறது.
அடியில் வைத்த வாளிகூட அதே வாளி.

வாயை மூடிக்கொண்டு
இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினேன்.
சிவப்பு எப்போதும்போல இடுப்பு தளர்ந்து
மைலோ டின்னில் சாய்ந்தது.
அவனை டின் இல்லாமல்
நான் நிறுத்தியதே இல்லை.
புதியவன் நின்றான்.
ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.
நின்றான்.
காற்றாடியை மூன்றில் வைத்தேன்.
நோட்டின் தாள்தான் பறந்தது.

கவிழ்த்துப் பார்த்தால்
இடுப்பு ஊசி கொஞ்சம் தடிமன்.
எங்கோ ஒரு பட்டறையில்
யாரோ ஒருவருக்கு உறுத்தியிருக்கிறது.
பெட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
புது நிறம் என்று மட்டும்
நான்கு பக்கமும் கத்தியிருக்கிறார்கள்.

"சற்கு, இங்கே பாரு, குழாயை மாத்தியிருக்காங்க."
அவனுக்குப் புரியவில்லை.
வாளியைக் கொட்டப் போனான்.

காய் என்று எழுதியதை அடிக்கவில்லை.
நிறம் காய்தான், அதில் மாற்றமில்லை.
கீழே இன்னொரு வரி சேர்த்தேன்:
நிற்கிறது.

திங்கட்கிழமை முதல் லோரி.
மேலே கிடந்த குலை கன்னங்கரேல்.
வழக்கமாகக் காலால் ஒதுக்கியிருப்பேன்.
கொக்கியைப் போட்டு அடிப்பக்கம் திருப்பினேன்,
குந்தி உட்கார்ந்து
உதிர்ந்த பள்ளங்களை எண்ணினேன்.
மேலிருந்து வேலாயி மகன் ஹாரன் அடித்தார்.
மறுபடி எண்ணினேன்.

ஒன்பது.

அரைப்பழம் என்று எழுதினேன்.
அதற்கும் திட்டினார்.